பதினோரு மாதம் மூடியிருக்கும் பாட்டு

போன மார்கழியில் ஒரு நாள், விடியற்காலை ஐந்து மணிக்குத் தாம்பரத்தில் ஒரு டீக்கடை வாசலில் கம்பெனி வேனுக்காக நின்றுகொண்டிருந்தேன். பக்கத்துச் சந்தில் சின்னதாக ஒரு பெருமாள் கோயில். வேப்பமரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் முதலில் கரகரவென்று இரைந்தது. பிறகு எம்.எல். வசந்தகுமாரியின் குரலில் திருப்பாவை எழுந்தது. முதல் பாட்டு நாட்டை ராகம். அது முடிந்து நாலைந்து விநாடி மௌனம். ஸ்பீக்கர் அடுத்த பாட்டைத் தொடங்கும் முன்பே எனக்குள் கௌளை தொடங்கிவிட்டது. மூன்றாவதாக ஆரபி வந்தபோது என் வாயில் மிளகு கடிபட்டது. குடித்துக்கொண்டிருந்தது வெறும் டீ. ஆனாலும் நாக்கின் ஓரத்தில் சுருக்கென்று அந்தக் காரம் ஏறியது.

அது என் பெரியம்மா ஊர்க் கோயில் பொங்கலின் மிளகு. மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அரைப் பரீட்சை லீவுக்கு அண்ணன், தங்கை, சித்தி பிள்ளைகள், மாமா பிள்ளைகள் என்று ஏழு பேர் அந்த வீட்டில் சேருவோம். நாலரை மணிக்கே கோயிலில் ரெக்கார்டு போட்டுவிடுவார்கள். "எழுந்திரிங்கடா, பொங்கல் தீந்துபோயிடும்" என்று பெரியம்மா ஒவ்வொரு பாயாக வந்து போர்வையை உருவுவார். கொல்லையில் வெந்நீர்த் தவலைக்கு அடியில் தென்னம்பாளை எரியும் புகை. குளித்த ஈரத் தலையோடு, வாசல் கோலத்தின் நடுவே சாணி உருண்டையில் செருகிய பூசணிப் பூவை மிதித்துவிடாமல் தாண்டிக் கோயிலுக்கு ஓடுவோம். தொன்னையில் நெய் ஒழுகச் சுடச்சுட வெண்பொங்கல் விழும். நான் மிளகைப் பொறுக்கித் தூண் ஓரமாகப் போடுவேன். எப்படியும் ஒன்று தப்பிப் பல்லில் மாட்டிக்கொள்ளும்.

இது நடந்து நாற்பது வருஷம் ஆகிறது. அந்த வருஷம் பள்ளிக்கூடத்தில் என்ன படித்தேன், வகுப்பில் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள் என்று கேட்டால் தலையைச் சொறிவேன். மூன்று நிமிஷப் பாட்டு ஒன்று மட்டும் புகை, ஈரம், நெய், மிளகு என்று அத்தனையையும் தூக்கிவந்து டீக்கடை வாசலில் இறக்கிவிடுகிறதே, எப்படி? அதைவிட எனக்கு ஆச்சரியமாக இருந்தது வேறொன்று. அன்று பாட்டு முடியும்போது நெஞ்சில் நின்றது ஏக்கம் இல்லை, நன்றி. அது எங்கிருந்து வந்தது?

முதலில் அந்த மௌனத்தில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஒரு இசைத்தட்டை அதன் வரிசையிலேயே திரும்பத் திரும்பக் கேட்டவர்களுக்கு, ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்த பாட்டு மனதில் தானாக எழும். அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் யோசஃப் ரவுஷெக்கர் குழுவினர் 2009-இல் இதை மூளை ஸ்கேனில் பார்த்தார்கள். நன்றாகப் பழகிய பாடல் வரிசையில், இரண்டு பாட்டுக்கு நடுவிலுள்ள மௌனத்தின்போது, மூளையின் முன்பகுதியும் உடலசைவைத் திட்டமிடும் பகுதிகளும் சுறுசுறுப்பாக வேலை செய்தன. காதில் எதுவும் விழாத நேரத்தில் மூளை அடுத்ததைப் பாடத் தயாராகிறது. அரியக்குடி ராமானுஜ அய்யங்கார் திருப்பாவைக்கு மெட்டமைத்தபோது முதல் ஐந்து பாட்டுக்கு நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று கனராக வரிசையையே வைத்தார். பஞ்சரத்தினக் கீர்த்தனைகளின் அதே வரிசை. ராகத்தின் பெயர் தெரியாத என் பெரியம்மாவின் மூளையிலும் அந்த வரிசை அப்படியே பதிந்திருந்தது. கோலம் போட்டுக்கொண்டே, ஸ்பீக்கருக்கு அரை விநாடி முன்னால் அடுத்த பாட்டை முணுமுணுப்பார்.

வரிசை மட்டும் பதிவதில்லை. சுருதியும் பதிகிறது. டேனியல் லெவிட்டின் 1994-இல் ஒரு சோதனை செய்தார். சாதாரண மாணவர்களிடம், தங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டை நினைவிலிருந்து பாடச் சொன்னார். இரண்டு முறை பாடியதில் 40 சதவீதம் பேர் ஒரு முறையாவது மூலப் பதிவின் சுருதியையே சரியாகப் பிடித்தார்கள். சங்கீத ஞானம் இல்லாதவர்கள் என்று நாம் ஒதுக்கிவைக்கிறவர்களுக்குள்ளும் இவ்வளவு துல்லியமான பதிவு இருக்கிறது. ஆகவேதான் அதே திருப்பாவையை வேறு யாராவது வேறு சுருதியில் பாடினால், எவ்வளவு நன்றாகப் பாடினாலும், "இது நம்ம மார்கழி இல்லையே" என்று மனசு ஒட்ட மறுக்கிறது.

அடுத்து வரப்போவது தெரிந்திருப்பதில் ஒரு தனிச் சுகம் உண்டு. மான்ட்ரியலில் வலோரி சலிம்பூர், ராபர்ட் ஸடோரே குழுவினர் 2011-இல், தங்களுக்கு மெய்சிலிர்க்கும் பாட்டுகளைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களின் மூளையை ஆராய்ந்தார்கள். சிலிர்ப்பின் உச்சத்தில் டோபமைன் சுரந்தது. அதற்குச் சில விநாடி முன்பு, அந்த இடம் வரப்போகிறது என்று காத்திருக்கும்போதே, மூளையின் இன்னொரு பகுதியில் டோபமைன் சுரந்துவிட்டது. தெரிந்த பாட்டு இரண்டு முறை இனிக்கிறது. வரப்போகிறதே என்று ஒரு முறை, வந்துவிட்டதே என்று ஒரு முறை. வருஷத்துக்கு ஒரு முறை வருகிற பாட்டானால் அந்தக் காத்திருப்பு இன்னும் நீளம். கார்த்திகை தீபம் முடிந்ததுமே எங்கள் ஊரில் கோயில் ரேடியோக்காரர் குழாயை மரத்தில் ஏற்றிக் கட்டுவார். அதைப் பார்த்த கணத்திலேயே எங்களுக்குக் குளிர ஆரம்பித்துவிடும்.

இனி மிளகு. ஒரு நிகழ்ச்சி நடக்கும்போது கண், காது, மூக்கு, நாக்கு, தோல் எல்லாம் தனித்தனியாகச் சேதி அனுப்புகின்றன. அவற்றை ஒரே முடிச்சாகக் கட்டிவைப்பது மூளைக்குள் இருக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி. கடல்குதிரை வடிவில் வளைந்திருப்பதால் அந்தப் பெயர். பிறகு என்றாவது முடிச்சின் ஒரு நுனியைப் பிடித்து இழுத்தால் போதும், மற்றதெல்லாம் சேர்ந்து வரும். ஆரபியை இழுத்தேன், மிளகு வந்தது. பக்கத்திலேயே உணர்ச்சியைக் கையாளும் அமிக்டலா இருக்கிறது. அன்றைக்கு இருந்த பயமோ குதூகலமோ அந்த முடிச்சோடு சேர்ந்தே பதிவதற்கு அதுதான் காரணம்.

பாட்டும் சொந்த நினைவும் சந்திக்கும் இடம் எது என்று கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பீட்டர் ஜனாட்டா தேடினார். 13 மாணவர்களுக்கு, அவர்களுடைய சிறுவயதிலும் பதின்வயதிலும் பிரபலமாக இருந்த பாட்டுகளிலிருந்து ஆளுக்கு 30 துண்டுகள் போட்டுக் காட்டினார். 2009-இல் வந்த அந்த ஆய்வில், பாட்டு சொந்த நினைவைக் கிளப்பியபோதெல்லாம் நெற்றிக்குப் பின்னால், நடுக்கோட்டை ஒட்டிய மூளைப் பகுதி விழித்துக்கொண்டது. நினைவு எவ்வளவு ஆழமோ அவ்வளவு விழிப்பு. பாட்டின் சுரப் போக்கைப் பின்தொடர்வதும் அதே பகுதிதான். 'நான்', 'என் கதை' என்ற எண்ணம் வேலை செய்யும் இடமும் அதை ஒட்டியதே.

எந்தப் பாட்டும் நினைவைக் கிளப்பும் என்றால், திருவிழாப் பாட்டுக்கு மட்டும் என்ன தனிச் சக்தி? இந்தக் கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பக்திதான் காரணம் என்று சிலர் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் ஆடி மாதம் எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டு கேட்டதும் கூழ் வாசனையை உணர்கிற நாத்திக நண்பர்கள் எனக்கு உண்டு. ரமலான் மாதத்தில் நாகூர் ஹனீபாவின் குரல் கேட்டதும், பக்கத்து வீட்டிலிருந்து வந்த நோன்புக் கஞ்சியின் சூட்டைக் கையில் உணர்கிற இந்து நண்பரும் உண்டு. ஆகவே பக்தி ஒரு பங்குதான். இன்னொரு பங்கு, என் கணக்கில் பெரிய பங்கு, நாட்காட்டிக்குச் சேரும்.

சுவரில் ஒரே ஒரு ஆணி. அதில் ஒரே ஒரு சட்டை. கை நீட்டினால் அந்தச் சட்டை வந்துவிடும். அதே ஆணியில் இருபது சட்டையை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டினால்? அடியில் இருப்பதை உருவவே முடியாது. நினைவும் இப்படித்தான். ஒரு குறிப்போடு எவ்வளவு அதிக நினைவுகள் கட்டப்பட்டிருக்கின்றனவோ, அந்தக் குறிப்பால் ஏதாவது ஒன்றை எடுப்பது அவ்வளவு கடினம் என்று ஓல்கா வாட்கின்ஸ், மைக்கேல் வாட்கின்ஸ் என்ற ஆய்வாளர்கள் 1975-இல் காட்டினார்கள். அவர்கள் சோதித்தது வெறும் சொற்பட்டியல்களைத்தான். ஆனாலும் பாட்டுக்கும் இது பொருந்துவதை நாமே பார்க்கலாம். கல்லூரிக் காலத்தில் உயிரை உருக்கிய ஒரு சினிமாப் பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அதன்பிறகு அது பஸ்ஸில் ஒலித்தது, கல்யாண மண்டபத்தில் ஒலித்தது, பண்பலையில், ஆட்டோவில், யாரோ ஒருவருடைய செல்போன் மணியாக. இன்று கேட்டால் இனிக்கிறது, அவ்வளவுதான். குறிப்பிட்ட ஒரு நாள் எழுந்து வருவதில்லை. ஆணியில் சட்டை குவிந்துவிட்டது.

திருப்பாவை அப்படி இல்லை. மார்கழி முப்பது நாள் ஒலிக்கும். தை பிறந்ததும் குழாயைக் கழற்றிவிடுவார்கள். பிறகு பதினோரு மாதம் அந்த ஆணியில் வேறு சட்டை மாட்டப்படுவதில்லை. சித்திரை வெயிலோ, ஆபீஸ் சண்டையோ, ஆஸ்பத்திரி வரிசையோ அதன் மேல் படிவதில்லை. மறுபடி எடுக்கும்போது அதோடு வருவது போன மார்கழியும் அதற்கு முந்தைய மார்கழிகளும் மட்டுமே. குளிர், இருட்டு, கோலம், பொங்கல் எல்லாமே வருஷம் தவறாமல் அதே ஜோடியாகத் திரும்புவதால் முடிச்சு இறுகிக்கொண்டே போகிறது. திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கத்தில் டிசம்பர் இரவுகளில் வீடுவீடாக வரும் கிறிஸ்துமஸ் கீத பவனியும் இதே மாதிரிதான். நடுராத்திரி கிடாரும் கைத்தட்டலும் வாசலில் கேட்டு எழுந்து, தூக்கக் கண்ணோடு கேக்குத் தட்டை நீட்டிய பிள்ளைக்கு அந்தப் பாட்டு ஆயுசுக்கும் அந்த வாசற்படிதான். ஜூன் மாதத்தில் யாரும் கீத பவனி வருவதில்லை. அந்த நினைவைக் காப்பாற்றுவது அந்த இடைவெளி.

பாட்டுக்குள் வீடு இருக்கிறது என்பதை ஐரோப்பியர்கள் முதலில் ஒரு நோயாகத்தான் பார்த்தார்கள். 1688-இல் பாசல் நகரில் ஜோஹன்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர், ஊர் ஏக்கத்தால் உடல் நலிவதற்கு 'நாஸ்டால்ஜியா' என்று பெயர் வைத்தார். வீடு திரும்புதல், வலி என்ற இரண்டு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை. வெளிநாட்டுப் படைகளில் கூலிக்குப் போர் செய்த சுவிட்சர்லாந்துக்காரர்களை இந்த ஏக்கம் அதிகம் பிடித்ததாகச் சொன்னார்கள். ஆல்ப்ஸ் மலையில் மாடு மேய்ப்பவர்கள் மாடுகளைக் கூப்பிடும் ஒரு மெட்டு உண்டு. அதை அந்த வீரர்கள் முன் வாசித்தால் அழுவார்கள், படையை விட்டு ஓடுவார்கள் என்பதால் அதற்குத் தடையே இருந்ததாக ரூசோ 1768-இல் வெளியான தன் இசை அகராதியில் எழுதினார். தடை எவ்வளவு தூரம் உண்மையோ, ரூசோ அதோடு சேர்த்துச் சொன்ன விளக்கம் அருமையானது. அந்த மெட்டு வெளிநாட்டாரை ஒன்றும் செய்வதில்லை, ஆகவே அந்த வலிமை மெட்டில் இல்லை, மெட்டோடு ஒட்டியிருக்கும் பழக்கத்திலும் நினைவிலும் இருக்கிறது என்றார். மூளை ஸ்கேன் வருவதற்கு இருநூறு வருஷத்துக்கு முன்பே சரியான இடத்தில் விரலை வைத்துவிட்டார்.

நோய் என்ற முத்திரை இப்போது இல்லை. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் டிம் வில்ட்ஷட், கான்ஸ்டன்டின் செடிகிடிஸ் குழுவினர் 2006-இல், மக்கள் ஏக்கத்தோடு நினைத்துக்கொள்ளும் சம்பவங்களை எழுதச் சொல்லிப் படித்தார்கள். பெரும்பாலான கதைகளில் எழுதுகிறவர் தனியாக இல்லை. அம்மா, தாத்தா, நண்பன் என்று யாராவது கூடவே இருந்தார்கள். சோகம் கலந்திருந்தாலும் கதை பெரும்பாலும் நல்லதில் போய் முடிந்தது. அதே குழுவினர் 2013-இல் இன்னொன்றும் கண்டார்கள். பழைய நினைவைக் கிளப்பும் பாட்டைக் கேட்டவர்களுக்கு, வரப்போகும் நாட்களைப் பற்றிய நம்பிக்கை கூடியிருந்தது.

இதெல்லாம் எந்த வயதில் பதிகிறது? பொதுவாக, பத்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் நடந்தவற்றைத்தான் மனிதர்கள் பின்னாளில் அதிகம் நினைவுகூர்கிறார்கள். சினிமாப் பாட்டுக்கு அது பதின்வயது. ஆனால் வீட்டில் ஒலிக்கும் பாட்டுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. கரோல் கிரம்ஹான்சலும் ஜஸ்டின் ஸுப்னிக்கும் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், இருபது வயதுப் பிள்ளைகள் தங்கள் காலத்துப் பாட்டோடு மட்டுமன்றி, அப்பா அம்மா இளமையில் கேட்ட பாட்டோடும்கூட ஆழமான பிணைப்பு வைத்திருந்தார்கள். அதற்கும் முந்தைய 1960-களின் பாட்டிலும் ஒரு சின்ன மேடு தெரிந்தது. பிள்ளைகள் பிறப்பதற்கு முன் வந்த பாட்டுகள் வீட்டுக் கூடத்தில் ஒலித்து ஒலித்து அவர்களுடையதாகிவிட்டன. கர்ப்பத்திலேயே இது தொடங்கிவிடுகிறது என்பதற்கும் சான்று உண்டு. பின்லாந்தில் எய்னோ பார்ட்டனனின் குழு, கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் தாய்மார்களை ஒரு தாலாட்டு மெட்டை அடிக்கடி போட்டுக் கேட்கச் செய்தது. பிறந்ததும், மறுபடி நான்கு மாதத்திலும், அந்தக் குழந்தைகளின் மூளை அந்த மெட்டுக்கு மற்றக் குழந்தைகளைவிட வலுவாகப் பதில் சொன்னது. 2013-இல் வந்த ஆய்வு அது. மார்கழியில் எட்டு மாதக் கர்ப்பிணியாகக் கோலம் போட்ட எத்தனையோ தாய்மார்களின் பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள்.

பொருள் மறந்த பிறகும் ஓசை நிற்கும் என்பதற்குத் தாய்லாந்தைச் சொல்லலாம். அங்கே அரண்மனைப் பிராமணர்கள் மார்கழியை ஒட்டி நடத்தும் சடங்குக்குத் 'திரியம்பாவாய்' என்று பெயர். திருவெம்பாவை என்ற பெயரின் திரிபு அது. கடல் கடந்து, மொழி மாறி, உச்சரிப்பும் மாறிப்போன பிறகும் அந்த ஓசை அங்கே இருந்துவருகிறது.

இனி நன்றிக்கு வருகிறேன். அன்று டீக்கடை வாசலில் நான் ஒரு கணக்குப் போட்டேன். ஏழு பிள்ளைகள். ஆளுக்கு எட்டு லிட்டர் நல்ல சூடான வெந்நீர் என்று வைத்தால் 56 லிட்டர். மார்கழிக் கிணற்றுத் தண்ணீர் 22 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். அதை 80 டிகிரிக்கு ஏற்ற ஏறக்குறைய 13.6 மெகாஜூல் வெப்பம் வேண்டும். காய்ந்த விறகு ஒரு கிலோவில் 16 மெகாஜூல் இருந்தாலும், திறந்த அடுப்பில் எட்டில் ஒரு பங்குதான் பாத்திரத்துக்குப் போகும். மிச்சமெல்லாம் புகையும் காற்றும். ஆக ஒரு விடியலுக்கு ஏழு கிலோ விறகு. தவலை ஒன்றுதான், ஆகவே இரண்டு முறை காய்ச்ச வேண்டும். விளாவத் தண்ணீர் சேர்த்து நூறு லிட்டருக்கு மேல் கிணற்றிலிருந்து இறைக்க வேண்டும், ராட்டினத்தில், இருட்டில். நாலரை மணிக்கு எங்களை எழுப்ப, பெரியம்மா எத்தனை மணிக்கு எழுந்திருப்பார்? மூன்றுக்கா, இரண்டரைக்கா? வாசல் தெளித்துக் கோலம் போட்டது அதற்கு மேல். எங்களில் ஒருவர்கூட அவர் பெற்ற பிள்ளை இல்லை.

பத்து வயதில் எனக்கு வெந்நீர் என்பது கொல்லையில் தானாகவே இருக்கிற ஒன்று. அப்போது பதிந்த நினைவில் விறகும் இல்லை, ராட்டினமும் இல்லை. பிறகு எப்படி அவை நினைவுக்குள் வந்தன? கேம்பிரிட்ஜில் ஃபிரெடரிக் பார்ட்லெட் 1932-இல் எழுதிய புத்தகத்தில் இதற்கு விடை இருக்கிறது. நினைப்பது என்பது பழைய பொருளைப் பெட்டியிலிருந்து எடுப்பது போன்றது அல்ல, ஒவ்வொரு முறையும் இருக்கிற துண்டுகளை வைத்து மறுபடி கட்டுவது என்றார் அவர். கட்டும்போது இன்றைய அறிவும் கலவையில் சேருகிறது. பாட்டு மாறவில்லை. கேட்கிறவனுக்கு ஒவ்வொரு மார்கழிக்கும் ஒரு வயது கூடியிருக்கிறது. பத்தில் கேட்டது குளிரும் பொங்கலும். இருபதில், ஊரை விட்டு வந்தவனின் ஏக்கம். நாற்பதில், மகளைப் பள்ளிக்கு எழுப்பக் கீசரைப் போட்டுவிட்டு நின்றபோதுதான் முதன்முதலாக வெந்நீரின் பின்னால் ஒரு ஆள் நிற்பது தெரிந்தது. தினமும் கேட்கிற பாட்டாக இருந்தால் இந்த மாற்றம் துளித்துளியாக வந்து, தெரியாமலே போயிருக்கும். வருஷம் இடைவெளி விட்டு வருவதால் போன முறை கேட்டவனையும் இந்த முறை கேட்கிறவனையும் பக்கத்தில் நிறுத்திப் பார்க்க முடிகிறது. சவுத்தாம்ப்டன்காரர்கள் பார்த்ததுபோல, நினைவில் கூடவே ஒரு ஆள் இருக்கிறார். அவர் செய்தது இன்னதென்று காலம் கடந்து புரிகிறது. நன்றி என்பது இந்த இரண்டும் சேர்ந்த உணர்ச்சிதானே?

நன்றியுணர்வு மூளையில் எங்கே தெரிகிறது என்று தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் கிளென் ஃபாக்ஸ் குழு 2015-இல் பார்த்தது. யூதப் படுகொலையில் உயிர் தப்பியவர்கள், முகம் தெரியாதவர்கள் தந்த ரொட்டியையும் மறைவிடத்தையும் பற்றிச் சொன்ன அனுபவங்களைப் படிக்கவைத்து, அது உங்களுக்கு நேர்ந்ததாக நினையுங்கள் என்றார்கள். நன்றி பெருகியபோது வேலை செய்தவை மூளை முன்பகுதியின் நடுக்கோட்டை ஒட்டிய பகுதிகள். ஜனாட்டா பாட்டும் நினைவும் சந்திப்பதைக் கண்ட வட்டாரத்தில்தான் இதுவும் இருக்கிறது. வட்டாரம் ஒன்று என்பதால் வேலையும் ஒன்று என்று சொல்லிவிட முடியாது, மூளையின் அந்தப் பகுதி பல வேலை பார்ப்பது. ஆனால் 'என் கதை'யை நினைக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே 'இது எனக்கு இன்னார் கொடுத்தது' என்ற உணர்வும் எழுவது எனக்கு வியப்பாக இல்லை.

எல்லோருக்கும் இது இனிப்பாக இருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். அம்மா போன பிறகு வரும் முதல் மார்கழியில் அதே பாட்டு நெஞ்சை அறுக்கும். குடித்துவிட்டு வரும் அப்பாவுக்குப் பயந்து பண்டிகையைக் கழித்த பிள்ளைக்கு, ஊருக்கெல்லாம் சந்தோஷமான பாட்டு வேறு மாதிரிக் கேட்கும். முடிச்சில் எது கட்டப்பட்டதோ அதுதான் வரும். அப்படி ஒருவர் வீட்டில் இருந்தால் இந்த வருஷம் ஒலியைக் குறைத்துவிடுவதே மரியாதை.

நினைவு மங்கும் முதுமையில் இந்தப் பாட்டுகள் செய்யும் உதவி பெரிது. லைப்சிக்கில் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2015-இல், நெடுநாள் பழகிய பாட்டை நினைவுகூரும்போது வேலை செய்யும் மூளைப் பகுதிகளை ஆரோக்கியமானவர்களிடம் கண்டறிந்து, அதே இடங்களை அல்சைமர் நோயாளிகளிடம் பார்த்தார்கள். மற்றப் பகுதிகள் சுருங்கிய பிறகும் அந்த இடங்கள் பெரிதாகச் சேதமாகாமல் இருந்தன. பேரனின் பெயர் மறந்தவர் கூடாரவல்லி அன்று அக்காரவடிசல் வாசனைக்கு நடுவே திருப்பாவையின் இருபத்தேழாம் பாட்டைப் பிசகில்லாமல் பாடினால், அதை அதிசயம் என்று கைதட்டிவிட்டுப் போய்விடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து கூடவே பாடுங்கள். அவரோடு பேசுவதற்கு இன்னும் திறந்திருக்கும் வாசல் அது.

அந்த வாசலை நாமே கெடுத்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை. இப்போது எந்தப் பாட்டும் எந்த நாளும் செல்போனில் கிடைக்கிறது. துணிக்கடையில் வருஷம் முழுக்கப் பண்டிகை மெட்டு ஓடுகிறது. சித்திரையிலும் ஆவணியிலும் திருப்பாவையைப் பின்னணியாக ஓடவிட்டால் ஆணியில் சட்டைகள் குவியும். பாட்டு இருக்கும், மார்கழி இருக்காது. உங்கள் பண்டிகை எதுவானாலும் அதற்கென்று சில பாட்டுகளை ஒதுக்கி வையுங்கள். அந்த நாட்களில் மட்டும் போடுங்கள். முடிந்தால் உங்கள் சொந்தக் குரலில் பாடுங்கள், சுருதி சேராவிட்டாலும் பரவாயில்லை. பிள்ளைகளின் காதில் பதியப்போவது அந்தச் சேராத சுருதிதான். அதே நேரத்தில் அடுப்பில் ஏதாவது ஒன்று, வருஷா வருஷம் அதே ஒன்று, மணக்கட்டும்.

இன்னொரு வேண்டுகோள். அமித் குமார், நிக்கலஸ் எப்லி என்ற இரு ஆய்வாளர்கள் 2018-இல், தங்களுக்கு உதவியவர்களுக்கு நன்றிக் கடிதம் எழுதச் சொல்லி ஒரு ஆய்வு செய்தார்கள். எழுதியவர்கள், "வாங்குகிறவருக்குச் சங்கடமாக இருக்குமோ" என்று அளவுக்கு மீறித் தயங்கினார்கள். வாங்கியவர்களோ, எழுதியவர்கள் நினைத்ததைவிட மிக அதிகமாக மகிழ்ந்தார்கள். நானும் நாற்பது வருஷம் சொல்லாமலே இருந்தவன்தான். அன்று வேன் வருவதற்குள் டீக்கடை வாசலிலிருந்தே பெரியம்மாவுக்குப் போன் போட்டேன். வயது எண்பத்தொன்று. நாலு மணிக்கே எழுந்துவிட்டிருந்தார். வெந்நீர்க் கணக்கைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "விறகு உங்க பெரியப்பா முதல் நாளே பொளந்து வச்சிடுவாருடா, அவரை விட்டுட்டியே" என்றார்.

உங்களை எழுப்பி வெந்நீர் வைத்தவர் இருக்கிறார் என்றால், அடுத்த பண்டிகைப் பாட்டு காதில் விழுந்த அன்றே அவரைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். பெரியப்பாவிடம் சொல்ல எனக்கு வாய்க்கவில்லை.